சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் சத்தம் ரெக்கார்ட் பண்றவங்க இருக்கீங்களா?

ஈசூன்வாசி:
எம்ஆர்டி கிளம்புற சத்தம்னா எனக்கு உசுரு. போன்ல எடுத்தா ஏசி சத்தமும் பேச்சும்தான் கேக்குது, மோட்டர் சத்தம் அமுங்கிடுது. எந்தப் பெட்டியில ஏறணும்?

தண்டவாளம்:
தம்பி, வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு லைன் ரெண்டுலயும் ஆறு பெட்டி, அதுல தலையும் வாலும் மோட்டர் இல்லாத பெட்டி, அதனால நடு நாலுல ஏறி பெட்டியோட கோடியில உக்காருங்க, சக்கரம் அங்கதான் கீழ இருக்கு. வண்டியில இருக்க இன்வெர்ட்டர்ங்கிற கருவி கரண்ட்ட வெட்டி வெட்டி மோட்டருக்கு அனுப்புறதாலதான் அந்த ஊளை வருது. 1995ல வந்த சீமென்ஸ் சி651 ரக வண்டியில அது படிப்படியா ஏறும் பாருங்க, அடடா! அந்த வண்டி இப்ப ஓடல, பழைய ரெக்கார்டிங் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க.

கல்லாங்அக்கா:
கிழக்கு மேற்கு லைன்ல கல்லாங் ஸ்டேஷன்ல ஏறி லாவெண்டர் ஸ்டேஷன் போங்க தம்பி. மேல பாலத்துல போற வண்டி சுரங்கத்துக்குள்ள இறங்குறப்ப காத்து கப்புன்னு அடைச்சு சத்தமே வேறயாயிடும், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச இடம். விடிகாலை வண்டியில கூட்டம் இருக்காது. எம்பி3 வேணாம், வேவ் ஃபைலா சேவ் பண்ணுங்க.

ஈசூன்வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே! ஞாயித்துக்கிழமை போறேன், எடுத்ததும் இங்க போடுறேன்.