இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக வைத்து 1904இல் லண்டனில் அரங்கேறிய 'தி சிங்களி' என்ற ஆங்கில இசை நாடகத்தை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

இரவுப்பணி
லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன். தொண்ணூறு தாண்டிய ஒரு அம்மா, நான் இலங்கை என்று அறிந்ததும் அலமாரியில் இருந்த ஒரு படத்தை எடுக்கச் சொன்னார். அவருடைய தாயார் ஊர் நாடகக் குழுவோடு 'தி சிங்களி' ஆடியபோது எடுத்ததாம். பத்துப் பதினைந்து வெள்ளைக்காரப் பெண்கள், சேலை மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு, முகத்தில் மை பூசி நிற்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் கழுத்தில் மை முடிந்து தோல் தொடங்குகிற கோடு தெரிந்தது. அம்மா ஏதோ மெட்டை முணுமுணுத்துவிட்டு, "உங்கள் ஊர் இப்படித்தானே?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். மூன்று வருடமாகிறது. ஏன் ஓம் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

நானுஓயாப் பேரன்
அதே கதைதான் எனக்கும். கதாநாயகி பெயர் நானோயா! எங்கள் நானுஓயா ரயில் நிலையத்தின் பெயரைத் தூக்கிப் பெண்ணுக்கு வைத்துவிட்டார்கள் போல. துரை பங்களாவில் தாத்தா தோட்ட வேலை பார்த்தார். அங்கே பியானோ முக்காலிக்குள் இந்த நாடகத்துப் பாட்டுப் புத்தகம் கிடந்தது. நடுவில் யாரோ செருகி வைத்திருந்த ஒரு மேடைப் படத்தைச் சின்ன வயதில் அப்பாயிக்குக் காட்டினேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். ரொம்ப நேரம் பார்த்தார். "கூடைய இடுப்புல வச்சுக்கிட்டா ரெண்டு கையால எப்படிடா கொழுந்து எடுப்பா?" என்றார். அவ்வளவுதான். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி அவர் உச்சந்தலையில் முடியே இருக்காது.

நாடகத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் சிங்களப் பெண்கள். 1904இல் தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிப்போன எங்கள் சனம். மை பூசிக்கொள்ளக்கூட எங்களை யாரும் நினைக்கவில்லை.

பழைய இசைத்தட்டு
நானுஓயாப் பேரன், இதற்கெல்லாம் மனம் நோகலாமா? அது ஆவணப்படம் இல்லை. லண்டன் டாலிஸ் தியேட்டரில் தயாரிப்பாளர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் கையில் ஒரு அச்சு இருந்தது: தூர தேசம், வெள்ளைக்கார இளைஞன், உள்ளூர்ப் பெண், சிரிக்க வைக்க ஒரு உள்ளூர்ப் பிரபு. 1896இல் 'தி கெய்ஷா' ஜப்பான், 1899இல் 'சான் டாய்' சீனம், 1904 மார்ச்சில் நம் தீவு. முந்திய இரண்டும் 750 காட்சிகளைத் தாண்டியவை. இது 365. ஒரு வருட ஓட்டம் கேவலமில்லைதான், ஆனால் அந்த அரங்கின் கணக்கில் பாதி. நியூயார்க்கில் 33 காட்சியோடு மூட்டை கட்டினார்கள். அந்த ஊர் ரசிகர்களே அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

என் அனுபவம் சின்னது. இந்த நாடகத்துக்கு லயனல் மாங்க்டன் போட்ட ஒரு மெட்டைக் கீபோர்டில் வாசித்தேன், பக்கத்து அறையிலிருந்து அம்மா வந்து "இது எந்தப் படம்?" என்றார்.

அப்புறம், அந்தப் பாட்டுப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம், சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். பாச்சை உருண்டையும் வேண்டாம். துருப்பிடித்த ஊசியைப் பிடுங்கி இழுக்காமல் பின்பக்கமாக நிமிர்த்தி எடுங்கள். அமிலமில்லாத தாளில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள், நிறுத்தி வைத்தால் முதுகு வளையும். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஸ்கேன் செய்வதானால் விரித்து அமுக்காமல் மேலிருந்து படம் எடுப்பது நல்லது. பங்களா ஈரத்தில் இருந்த புத்தகம் என்றால் முதலில் நிழலில் ஆற விடுங்கள். வெயிலில் போட்டுவிடாதீர்கள்.

கறுப்புக் கோட்டு
லேமினேஷன் பற்றி யார் கேட்டது? 'தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்' என்பதும் சரியில்லை. லண்டனில் ஓட்டம் முடிந்த பிறகு சின்னச் சின்ன ஊர்க் குழுக்கள் இதை எடுத்து ஆடின, மேலே உள்ள படமே அதற்குச் சாட்சி.

நான் வக்கீல். நாடகத்தில் சம்படி ராம் என்று ஒரு பாபு வக்கீல் (இங்கிலீஷ் படித்த இந்தியரை வெள்ளைக்காரர்கள் கேலியாக அப்படிச் சொல்வார்கள்) வருவான், ஹண்ட்லி ரைட் நடித்த சிரிப்பு வேடம். பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளைத் தப்புத் தப்பாக அடுக்குவான். நாடகப் பிரதியை ரயிலில் படிக்கும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிர் சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று என் சீனியர் ஞாபகம் வந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் அவர் அப்படித்தான் பேசுவார், நாற்பது வருடத்தில் எத்தனையோ ஏழைகளுக்கு நிலத்தை மீட்டுக் கொடுத்தவர். அதற்கு மேல் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியவில்லை.

நானுஓயாப் பேரன்
இசைத்தட்டு அண்ணன், ஆலோசனைக்கு நன்றி. புத்தகம் இப்போது இல்லை. பங்களா ஓட்டலாகிவிட்டது, போன வருடம் போய்த் தேநீர் குடித்தேன். முக்காலி காலி. பியானோ மேல் வைஃபை பெட்டி. சுவரில் புதிதாக ஒரு பெரிய படம், கொழுந்து பறிக்கும் பெண், விளம்பரத்துக்கு எடுத்தது.

கூடை இடுப்பில்.