மனைவியோட தாத்தா விட்டுட்டுப் போன வின்செஸ்டர் 94: லீவரை மூடினாலும் ட்ரிகர் அசைய மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது டெக்சாஸ்ல, மனைவி பென்சில்வேனியாக்காரி. அவ தாத்தா மார்ச்ல தவறிட்டாரு, மான் வேட்டைக்கு வச்சிருந்த ரைஃபிளை உயில்ல இவ பேருக்கு எழுதியிருக்காரு. வின்செஸ்டர் மாடல் 94, 30-30 தோட்டா, சீரியல் நம்பர் 17 லட்சத்து சொச்சம். அவ சின்னப் புள்ளையா இருக்கும்போது தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச திங்கக்கிழமைதான் மான் சீசன் ஆரம்பிக்குமாம், ஸ்கூலே லீவு விட்ருவாங்களாம், விடியறதுக்கு முன்னாடி தாத்தாவோட காட்டுக்குப் போய் அவர் பக்கத்துல சத்தமில்லாம உக்காந்திருப்பாளாம். இந்த வருஷம் அதே துப்பாக்கியோட போகணும்னு ரொம்ப ஆசைப்படுறா.

பிரச்சனை என்னன்னா, ட்ரிகரைச் சுத்தி கைப்பிடி மாதிரி இருக்கற லீவரை மேல தள்ளி மூடினா நிக்காம ஒரு நூல் அளவு கீழ தொங்குது, அப்ப ட்ரிகரை இழுத்தா கல்லு மாதிரி இருக்கு. கையால லீவரை இறுக்கிப் பிடிச்சா மட்டும் வேலை செய்யுது. தினமும் ராத்திரி நான்தான் எடுத்து இழுத்து இழுத்துப் பாக்குறேன், ஒண்ணும் புரியல. ரிசீவர் (துப்பாக்கியோட நடு இரும்பு உடம்பு) அடியில கருப்பு தேஞ்சு வெள்ளை இரும்பு தெரியுது. இங்க ஒரு கடைல கேட்டேன், முழுசா பாலிஷ் போட்டு புதுசா ப்ளூயிங் (இரும்புக்குக் கருநீல நிறம் ஏத்தறது) பண்ணி, கட்டைக்கும் வார்னிஷ் அடிச்சுத் தரேன்னாங்க. குடுக்கலாமா?

மலைப்பாதை:
தம்பி, முதல்ல துப்பாக்கி காலியான்னு பாத்தீங்களா? 94ல தோட்டா பேரலுக்குக் கீழ இருக்கற குழாய்ல வரிசையா நிக்கும், பழைய கிரீஸ் இறுகிக் கிடந்தா உள்ளயே ஒட்டிக்கும், அதனால நாலு தடவை லீவர் அடிச்சு ஒண்ணும் விழலைன்னா காலின்னு நம்பிடாதீங்க. துப்பாக்கி முனையை பத்திரமான திசைல வச்சு, பக்கத்துல தோட்டா போடற கதவை உள்ள அமுக்கி டார்ச் அடிச்சுப் பாக்கணும், சேம்பரையும் (சுடறதுக்கு முன்னாடி தோட்டா போய் உக்காரற அறை) பாக்கணும். அந்தக் காலத்து 94ல தனியா சேஃப்டி பட்டன் கிடையாது, சுத்தியல் மாதிரி அடிக்கற ஹாமரை பாதில நிறுத்தற ஹாஃப் காக் மட்டும்தான்.

ட்ரிகர் கல்லு மாதிரி இருக்குன்னீங்களே, அது கோளாறு இல்ல, டிசைனே அப்படித்தான். லீவர் முழுசா மூடலைன்னா சுடக்கூடாதுன்னு ட்ரிகருக்குப் பின்னாடி ஒரு தடை வச்சிருக்காங்க, லீவர் மேல வந்து அமுக்கினாதான் அது விலகும். தயவுசெஞ்சு யாராவது அந்தத் தடையை ராவி விட்டுடலாம்னு சொன்னா விடாதீங்க! உங்க கோளாறு லீவர் தொங்கறதுதான். மூடின லீவரை அங்கயே நிறுத்தறதுக்கு ஸ்ப்ரிங் வச்ச சின்ன முளை ஒண்ணு இருக்கு, ஃப்ரிக்‌ஷன் ஸ்டட்னு பேரு. எழுபது வருஷ எண்ணெய் காஞ்சு பிசினாகி முளை உள்ளயே மாட்டிக்கிட்டிருக்கும், இல்லன்னா தேஞ்சிருக்கும். லீவரைத் திறந்து அந்த இடத்துல துப்பாக்கி சுத்தம் பண்ற சால்வென்ட் ரெண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊறவச்சு, பழைய டூத் ப்ரஷ்ஷால தேய்ச்சு, துடைச்சுட்டு மெல்லிசா எண்ணெய் போடுங்க. முழுசா கழட்டாதீங்க, 94ஐ திரும்ப மாட்டறது லேசுப்பட்ட வேலை இல்ல.

பழைய இரும்பு:
அந்தக் கடைக்கு மட்டும் குடுத்துடாதீங்க சகோ, கும்பிட்டுக் கேக்கறேன். 15 லட்சமாவது 94ஐ 1948ல ஜனாதிபதி ட்ரூமனுக்கும், 20 லட்சமாவதை 1953ல ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் குடுத்தாங்க, அப்ப உங்களது ரெண்டுக்கும் நடுவுல, நியூ ஹேவன்ல செஞ்சது. 1964ல செலவைக் குறைக்கறோம்னு தகட்டுல அடிச்ச பாகமெல்லாம் போட ஆரம்பிச்சாங்க, அதனாலதான் அதுக்கு முந்தினதை சேகரிக்கறவங்க தேடித் தேடி வாங்கறாங்க. அதுல பாலிஷ் போட்டா எழுத்து மழுங்கும், ஓரமெல்லாம் உருண்டுபோகும், சேகரிக்கறவங்க மதிப்புல பெரிய பங்கு அன்னைக்கே போச்சு. ஸ்க்ரூ தலையைக் கூட பாப்பாங்க, பொருந்தாத ஸ்க்ரூட்ரைவர் போட்டு காடி சிதைஞ்சிருந்தா யாரோ உள்ள கைவச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, ரிசீவர் அடியில தேஞ்சிருக்குன்னீங்க இல்ல, 94ஐ ஒத்தைக் கையில தூக்கிட்டு நடக்கும்போது எடை சமமா நிக்கற இடம் அதுதான். அது தாத்தா கைபட்டுத் தேஞ்சது. அதையா அழிக்கப் போறீங்க?

செங்காந்தள்:
லீவர் இருக்கட்டும் அண்ணா, நீங்க என்ன விசாவுல இருக்கீங்க?

காவிரிக்கரை:
எச்-1பி தாங்க, கல்யாணத்துக்கு அப்புறம் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்கோம், இன்னும் வரல. ஏன் கேக்கறீங்க?

செங்காந்தள்:
அப்ப இன்னைலேருந்து அதைத் தொடாதீங்க. நான்-இமிக்ரன்ட் விசாக்காரங்க (எச்-1பி மாதிரி தற்காலிக விசா) துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் இருக்கு, தண்டனை 15 வருஷம் வரைக்கும் போகும். முறையான ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு, ஆனா கிரீன் கார்டு பென்டிங்ல இருக்கும்போது உங்க வக்கீலைக் கேக்காம அதை நம்பி இறங்காதீங்க. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது, துப்பாக்கி சுடற ரேஞ்சுக்குப் போய் ஃபோட்டோ எடுத்துப் போடறாங்க, பாக்கறப்பவே எனக்கு வயித்தைக் கலக்குது.

அண்ணி சிட்டிசன்தானே, அவங்களுக்குப் பிரச்சனை இல்ல. வேற மாநிலத்துலேருந்து வந்தாலும் உயில் வழியா வந்ததால டீலர் மூலமா மாத்தணும்னு ஃபெடரல் சட்டத்துல கட்டாயம் கிடையாது, உயிலோட காப்பியை பத்திரமா வைங்க. பெட்டில பூட்டி, சாவி அண்ணி கிட்ட மட்டும் இருக்கட்டும். சுத்தம் பண்றதும் அவங்களே பண்ணட்டும்.

காவிரிக்கரை:
படிச்சதும் கை நடுங்கிடுச்சுங்க, நிஜமா தெரியாது. அன்னைக்கே பூட்டி சாவியை அவ கிட்ட குடுத்துட்டேன், வக்கீலுக்கும் மெயில் போட்டாச்சு. சனிக்கிழமை அவளே சால்வென்ட் விட்டு, மறுநாள் தேய்ச்சிருக்கா, டீ டிகாக்‌ஷன் கலர்ல அழுக்கு வந்துச்சாம். இப்ப லீவர் மூடினா நிக்குதாம், ட்ரிகரும் சரியா இருக்காம். ப்ளூயிங் வேண்டாம்னு கடைக்கும் சொல்லியாச்சு. மலைப்பாதை அண்ணா, தோட்டா எது வாங்கணும்னு கேக்கச் சொன்னா. அப்புறம் எங்கம்மா ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்றாங்க, வைக்கலாமா?

மலைப்பாதை:
கூர் முனை தோட்டா வேண்டாம் தம்பி, குழாய்ல ஒண்ணோட முனை முன்னாடி இருக்கறதோட ப்ரைமர்ல (அடிபட்டா தோட்டாவை வெடிக்க வைக்கற அடிமூடி) இடிச்சிட்டு நிக்கும். தட்டை முனை, இல்லன்னா லீவர் துப்பாக்கிக்குன்னே வர்ற ரப்பர் முனை. முதல்ல ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட தங்கச்சி காட்டிட்டு அப்புறம் சுடட்டும்.

சந்தனத்துல ஈரம் இருக்கும், இரும்புல பட்டா ஒரே வாரத்துல துரு ஏறிடும். பூட்டின பெட்டி மேல வைங்க, அம்மா கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.