மறு: தரவு வகையைச் சோதிப்பதற்கு ஒரு சொல் – ‘வகைபார்ப்பு’ சரிவருமா?

வணக்கம்.

படிவத்தில் பயனர் எழுதியது எண்ணா, வேறு வகையா என்று நிரல் சோதிப்பதற்குத் தமிழில் ஒரு கலைச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் இன்றுதான் ஒரே மூச்சில் படித்தேன். பாதிப் பேர் வேலிடேஷனுக்குச் சொல் தேடுகிறார்கள், மீதிப் பேர் டைப் செக்கிங்குக்கு, அதாவது வகையைச் சோதிப்பதற்கு, தேடுகிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே பொருளுக்குத்தான் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் சொல்லுக்குப் போகும் முன் பொருளைக் கொஞ்சம் பிரித்துப் போடுகிறேன். தினமும் இதே வேலையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வழக்கமான வலைப் படிவத்தில், கோப்பைத் தவிர, பயனர் எதை நிரப்பினாலும் அது வழங்கிக்கு (சர்வருக்கு) வந்து சேரும்போது வெறும் சரம்தான், அதாவது எழுத்துகளின் கோவை. வயது என்ற புலத்தில் 35 என்று எழுதினால் போய்ச் சேர்வது முப்பத்தைந்து அல்ல, 3 என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் 5 என்ற எழுத்தும். வலைப்பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அந்தப் புலத்துக்கு ‘நம்பர்’ என்று வகை கொடுத்திருந்தாலும் இதே கதைதான். உலாவி கொஞ்சம் தடுத்துப் பார்க்கும், அனுப்பும்போது சரமாகவே அனுப்பும். அந்தத் தடுப்பையும் நம்ப முடியாது. உலாவியிலேயே இருக்கும் உருவாக்குநர் கருவியைத் திறந்து அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டால் வேலை முடிந்தது, படிவமே இல்லாமல் நேராக வழங்கிக்குக் கோரிக்கை அனுப்புகிறவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை. ஆக, வழங்கிப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நிரல் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தச் சரத்தை எண்ணாக வாசிக்க முடியுமா? வாசித்த எண் ஒருவருடைய வயதாக இருக்கத் தக்கதா, இல்லை –4, 900 என்று எதையாவது அடித்திருக்கிறாரா? தக்கதுதான் என்றால், அது உண்மையிலேயே இவருடைய வயதா?

முதல் கேள்விதான் நமக்குச் சொல் வேண்டிய இடம். இரண்டாவது வேலிடேஷன், மூன்றாவது வெரிஃபிகேஷன். மூன்றையும் ‘சரிபார்ப்பு’ என்றே இதுவரை எழுதிவருகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். ‘தரவு வகை சரிபார்ப்பு’ என்று முன்னொட்டுச் சேர்த்தால் போதாதா என்று முந்தைய மடலில் கேட்டிருந்தார்கள். போதும், ஆனால் மூன்று சொல். தலைப்பில் ஒருமுறை எழுதலாம், பத்தி முழுக்க எழுத முடியாது, நிரலின் குறிப்புரையில் கட்டாயம் எழுத மாட்டார்கள். மூன்றாவது பத்தியிலேயே ‘சரிபார்ப்பு’ என்று சுருக்கிவிடுவார்கள், பழைய குழப்பம் திரும்ப வந்துவிடும்.

பிரித்துப் பார்ப்பது வெறும் சொல்லாசை இல்லை என்பதற்கு எச்டிஎம்எல் வரையறையையே காட்டலாம். ஒரு புலம் ஏன் தேறவில்லை என்று உலாவி தன்னிடம் வைத்திருக்கும் கொடிகளை, அதாவது ஆம்–இல்லை என்று காட்டும் குறிப்புகளை, பாருங்கள்: காலியாக விட்டதற்கு ஒன்று, வரம்புக்கு மேலே போனதற்கு ஒன்று, கீழே போனதற்கு ஒன்று, மின்னஞ்சல் போலவோ வலைமுகவரி போலவோ இல்லாததற்கு ‘டைப் மிஸ்மேட்ச்’ என்று ஒன்று, எண்ணாக மாற்றவே முடியாத குப்பைக்கு ‘பேட் இன்புட்’ என்று ஒன்று. (எண்ணுக்கான தவறு ‘டைப் மிஸ்மேட்ச்’ கணக்கில் வராமல் ‘பேட் இன்புட்’ கணக்கில் வருவது இன்றுவரை எனக்கு உறுத்தும், அது வேறு வழக்கு.) இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எண்ணுக்கான புலத்தில் மாற்ற முடியாத எதையாவது பயனர் எழுதிவிட்டால், உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் போய் மதிப்பைக் கேட்கும்போது உலாவி கையில் கொடுப்பது வெற்றுச் சரம். கொடியைப் பார்க்காமல் மதிப்பை மட்டும் பார்க்கிற நிரல் ‘இந்தப் புலம் கட்டாயம்’ என்று எச்சரிக்கும். எழுதியவர் திரையில் தான் எழுதியதைப் பார்த்துக்கொண்டே ‘நான்தான் நிரப்பியிருக்கிறேனே’ என்று தலையைச் சொறிவார்.

சரி, என் சொந்தக் கதையும் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கெடுப்புப் படிவத்துக்கு நிரல் எழுதினேன். வயது கட்டாயம் இல்லை. வந்த சரத்தை சரத்தை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் ‘நம்பர்’ செயற்கூற்றுக்குள் போட்டு, எண் அல்ல என்று வந்தால் மட்டும் தள்ளிவிட்டேன். வெற்றுச் சரத்தை அது 0 என்று மாற்றும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வயதை எழுத விரும்பாதவர்கள் எல்லோரும் பச்சைக் குழந்தைகளாகப் பதிவானார்கள். சராசரி வயது விழுந்து கிடந்ததைப் பார்த்து, நம் படிவத்தை இளைஞர்கள் நிறைய நிரப்புகிறார்கள் என்று ஒரு வாரம் மகிழ்ந்திருந்தோம். திருத்தும்போது ‘பார்ஸ்இன்ட்’ என்ற இன்னொரு செயற்கூற்றுக்கு மாறினேன், அது வேறு ரகம். 35 என்பதற்கு நடுவில் தவறி ஓர் இடைவெளி விழுந்து ‘3 5’ என்று வந்தால், சத்தமே போடாமல் 3 என்று எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். இரண்டும் வகையைச் சோதிக்கவில்லை, வகையை மாற்ற முயன்று கிடைத்ததைக் கொடுத்தன. நான்தான் மாற்றம் நடந்துவிட்டதால் சோதனையும் நடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். எனவே நாம் உண்டாக்கும் சொல் ‘வகைமாற்றம்’ என்பதிலிருந்தும் விலகி நிற்க வேண்டும்.

இப்போது இழையில் வந்த சொற்கள். ‘இனச்சோதனை’ வேண்டவே வேண்டாம், ஏன் என்று விளக்கவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். ‘வகைகாண்’ அழகாக இருக்கிறது, தகுதிகாண் பருவம் என்று ஏற்கெனவே வழக்கும் உண்டு. ஆனால் காண்பது என்றால் தெரியாததைக் கண்டுபிடிப்பது. இந்தப் புலத்தில் என்ன வகை வர வேண்டும் என்று நமக்கு முன்பே தெரியும். வந்தது அதுதானா என்றுதான் பார்க்கிறோம். வகை சொல்லாத நிரல்மொழிகளில் மாறியின் வகையை மொழிமாற்றியே (கம்பைலரே) ஊகித்தெடுக்கும் வேலை ஒன்று இருக்கிறதே, ‘வகைகாண்’ அதற்குப் பொருத்தம், அங்கே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ‘வகை மதிப்பீடு’ என்றால் மாணவர்களுக்கு மதிப்பெண் போடுவது மாதிரி இருக்கிறது. ‘சலித்தல்’ என்று எழுதிய நண்பரின் கற்பனையை ரசித்தேன், ஆனால் சல்லடை வேண்டாததை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும், வகைச் சோதனை எதையும் எடுக்கக் கூடாது. முழுதாக ஏற்க வேண்டும் அல்லது முழுதாகத் திருப்பி அனுப்ப வேண்டும். மேலே சொன்ன பார்ஸ்இன்ட் செய்ததுதான் சலித்தல். அதன் விளைவைப் பார்த்தோம்.

என் பரிந்துரை ‘வகைபார்ப்பு’. வினையாக ‘வகைபார்’. ‘சரிபார்’ எப்படி நாக்கில் பழகியதோ அதே அச்சில் இதுவும் விழும். வகைபார்த்த உள்ளீடு, வகைபார்க்காத உள்ளீடு, வகைபார்த்துவிட்டுத் தரவுத்தளத்தில் எழுது – எந்த வடிவத்திலும் முறிவதில்லை. ஒரு சொல்லைப் பெயராக மட்டும் உருவாக்கிவிட்டு, வினை வேண்டும்போது ‘செய்’ ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் அது பட்டியலில்தான் வாழும், பேச்சுக்கு வராது.

‘வகைப்பார்ப்பு’ என்று ஒற்று மிக வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். வகையைப் பார்த்தல் என்பதில் ஐ உருபு தொக்கி நிற்கிறது, வருவது வினை. ‘கதை சொன்னான்’ என்கிறோம், ‘கதைச் சொன்னான்’ என்பதில்லை, அதே விதி. பார்ப்பு என்றால் பறவைக் குஞ்சு என்றும் பழம்பொருள் உண்டு என்று இன்னொருவர் எழுதக்கூடும். சரிபார்ப்பில் யாரும் குஞ்சைத் தேடவில்லை, இதிலும் தேட மாட்டார்கள்.

பார்த்ததில் தேறாததற்கு என்ன பெயர்? இதற்கு நாம் புதிதாக எதையும் படைக்க வேண்டியதே இல்லை, பள்ளியில் படித்த இலக்கணம் கைகொடுக்கிறது. ‘அவன் வந்தது’ என்று எழுதினால் என்ன சொல்வோம்? திணை வழு. ‘அவன் வந்தாள்’ என்றால் பால் வழு. சொல் ஒவ்வொன்றும் சரிதான், எழுத்துப்பிழை இல்லை, ஆனால் இந்த இடத்துக்கு வரக் கூடாத வகை வந்து உட்கார்ந்திருக்கிறது. எண் வர வேண்டிய புலத்தில் ‘முப்பத்தைந்து’ என்ற சொல் வந்தால் அதுவும் இதேதான். ‘வகைவழு’. இன்னும் ஒரு படி போகலாம்: வழுவாக இருந்தாலும் ஒரு காரணத்தோடு ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்பார்களே, சரம் வர வேண்டிய இடத்தில் எண் வந்தால் நிரல்மொழியே பெரிய மனது பண்ணி மாற்றிக்கொள்ளும் மறைமுக வகைமாற்றம் இருக்கிறதே, அதற்கு ‘வகையமைதி’ என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு திருத்தம், இலக்கணத்தில் வழுவமைதிக்குக் காரணம் வேண்டும். பிஎச்பி என்ற நிரல்மொழியில் 8ஆம் பதிப்புக்கு முன்புவரை, எண்ணே இல்லாத ஒரு சொல்லும் 0-வும் சமமா என்று கேட்டால் சமம் என்று பதில் வரும். 2020இல்தான் மாற்றினார்கள். அதற்கு என்ன காரணம் சொன்னாலும் என்னால் அமைதி கொள்ள முடியாது.

இதைவிடப் பெரிய தலைவலி ‘எண்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் எண்ணிக்கையும் எண்தான், அடையாளமும் எண்தான்: தொலைபேசி எண், பதிவு எண், கடவுச்சீட்டு எண். தமிழில் எழுதிய தேவை ஆவணத்தைப் பார்த்துப் படிவம் கட்டுகிறவர் ‘எண்’ என்று கண்டதும் முழு எண்ணாக வகை கொடுத்துவிடுகிறார், பதிவு எண் 00731 தரவுத்தளத்தில் 731 ஆகிவிடுகிறது. எண்ணுக்கான புலத்தில் 1இ5 என்று ஆங்கில ‘இ’யோடு எழுதினாலும் உலாவி ஏற்கும், ஒரு லட்சம் என்று பொருள்கொள்ளும், பதிவு எண்ணுக்கு அது யாருக்கு வேண்டும்? நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்: இரண்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள், கூட்டுத்தொகைக்கு அர்த்தம் இருந்தால் எண், இல்லாவிட்டால் அது சரம். இப்படி இலக்கங்கள் மட்டுமே கொண்ட சரத்துக்கு ‘இலக்கச்சரம்’ என்ற சொல்லையும் இந்த இழையிலேயே முடிவு செய்துவிட்டால் நல்லது.

இலக்கம் என்றதும் தமிழ் இலக்கம். வயதில் ௩௫ என்று ஒருவர் எழுதினால் அது எண்ணா? பைத்தான் என்ற நிரல்மொழியில் முழு எண்ணாக மாற்றச் சொன்னால் தயங்காமல் 35 என்று தரும். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணே அல்ல என்று சொல்லிவிடும். சுருங்குறித்தொடரில் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில்) இலக்கத்தைக் குறிக்கும் குறியும் இப்படியே, பைத்தானில் தமிழ் இலக்கத்தையும் பிடிக்கும், ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் 9 வரை மட்டும்தான். அதாவது ஒரே படிவத்தில் முன்பக்கம் (உலாவியில்) வகைவழு, பின்பக்கம் (வழங்கியில்) வகைபார்த்துத் தேறிய உள்ளீடு. பழைய பத்துக் குறியான ௰ வந்தால் பைத்தானும் கைவிரித்துவிடும்.

பெயர்ப் புலம் இதைவிட மோசம். ‘எழுத்து மட்டும்’ என்று, கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரமான யூனிக்கோடின் எழுத்து வகையை வைத்து வகைபார்த்தால் ‘கீதா’ தேறாது. க, த இரண்டும் அங்கே எழுத்து. ஈகாரக் குறியும் காலும் ‘குறி’ என்ற வேறு பிரிவில் இருக்கின்றன, புள்ளியும் அப்படியே. குறியையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். இதைச் செய்யாத படிவம் ‘உங்கள் பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்’ என்று நம்மிடம் தமிழிலேயே சொல்லும், எரிச்சல் அங்கேதான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வகைபார்ப்பு, வகைவழு எல்லாம் நமக்குள் இருக்கட்டும், பயனரின் திரைக்குப் போக வேண்டாம். அவருக்கு ‘வயதை இலக்கத்தில் எழுதுங்கள், எடுத்துக்காட்டு 35’ என்பதே போதும்.

கலைச்சொல் பட்டியலில் நான் சேர்க்கப் போவது வகைபார்ப்பு, வகைவழு, இலக்கச்சரம் மூன்றையும்தான். வகையமைதியை இன்னும் ஒரு சுற்று பேசிவிட்டுச் சேர்க்கலாம். இரண்டாவது கேள்வி, அதான் வேலிடேஷன், ‘ஏற்புடைமை’யா ‘செல்லுபடி’யா என்று தனி இழை தொடங்குங்கள், இதிலேயே போட்டுக் குழப்ப வேண்டாம். எனக்கு ‘செல்லுமா’ என்று கேட்பதே பிடித்திருக்கிறது, வாதாட அங்கே வருகிறேன்.