கரிசலில் ராக் பாஸ்பேட் கரையுமா?

கரிசல்காரன், திருமங்கலம்:
பருத்திக்கு அடியுரமாக ராக் பாஸ்பேட் என்ற பாறைப் பொடியைப் போடச் சொல்கிறார் கடைக்காரர், விலை மலிவு. என் மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 8.2. தாண்டிக்குடியில் காப்பி வைத்திருக்கும் மாமா அதைத்தான் போடுகிறார். அங்கே பலிப்பது இங்கே பலிக்காதா?

மலைத்தோட்டம், தாண்டிக்குடி:
பலிக்காது தம்பி. அந்தப் பொடியில் இருப்பது அப்பட்டைட். கால்சியமும் பாஸ்பேட்டும் ஃபுளூரைடும் இறுகிய கனிமம். அதை அவிழ்ப்பது மண்ணின் அமிலம்தான், அதாவது ஹைட்ரஜன் அயனி. எங்கள் மலை மண் புளிப்பு; விடுபட்ட கால்சியத்தை மழை அடித்துச் செல்வதால் கரைவது தொடர்கிறது. இங்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், அது வேறு தலைவலி. உங்கள் கரிசலிலோ அமிலமும் இல்லை, சுண்ணாம்புக்கும் குறைவில்லை. பொடி பொடியாகவே கிடக்கும். கார அமில நிலை 5.5-க்கு மேற்பட்ட மண்ணுக்கு நான் இதை வாங்கவே மாட்டேன்.

மானாவாரி, உசிலம்பட்டி:
மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியா கலந்தால்?

மலைத்தோட்டம், தாண்டிக்குடி:
அது சுரக்கும் கரிம அமிலத்தைச் சுண்ணாம்பு மண் விழுங்கிவிடும். பெரிதாக நம்ப வேண்டாம். சூப்பர் பாஸ்பேட் வாங்குங்கள்; அதுவும் இதே பாறைதான், கந்தக அமிலத்தில் வெந்தது. இங்கிலாந்தில் லாஸ் என்பவர் 1842-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். கூடுதல் விலை அந்த அமிலத்துக்குத்தான். தொழுவுரத்தோடு கலந்து, விதை வரிசையை ஒட்டி இடுங்கள்; வயலெங்கும் வீசாதீர்கள்.

கரிசல்காரன், திருமங்கலம்:
சரி அண்ணே, சூப்பரே வாங்குகிறேன். கடைக்காரர் முகம்தான் சுருங்கும்.