பேயோட்டுற படத்துல டாக்டர் மட்டும் ஏன் எப்பவும் தோக்குறாரு?

உப்புக்காத்து (தேவிபட்டினம்)

பேய் பிடிச்சு பேயோட்டுற படம்னா சின்ன வயசுலேருந்தே எனக்கு உசுரு. இப்ப பாக்க முடியல. போன வாரம் தம்பி பசங்களோட உக்காந்து 2005ல வந்த 'தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்' மறுபடி பாத்தேன், பொண்ணு செத்துப்போச்சுன்னு பாதிரியார் மேல கேஸ் போட்டு கோர்ட்டுல நடக்குற கதை. அதுல ஆராய்ச்சி பண்ணவங்கன்னு ஒரு அம்மா கூண்டேறி சாட்சி சொல்றாங்க, டாக்டர் குடுத்த மாத்திரையாலதான் பேயோட்டுனது பலிக்காம போச்சுன்னு.

இதே பேச்ச எங்க சின்னம்மா வீட்டு திண்ணையில நான் கேட்டுருக்கேன்.

சின்னம்மா மகளுக்கு பதினாலு வயசுல வலிப்பு வந்துச்சு. வந்தா தெருவே சாவிக்கொத்த தூக்கிட்டு ஓடியாரும், இரும்பு கையில இருந்தா நிக்கும்னு விரல பிரிச்சு திணிப்பாக, தெளிஞ்சப்பறம் பாத்தா உள்ளங்கையில சாவிப்பல்லு அச்சு அப்படியே பதிஞ்சிருக்கும். டாக்டர்ட்ட காட்டி மாத்திரை ஆரம்பிச்சு ஒண்ணரை வருசம் ஒரு தடவகூட வரல. வரலைன்ன உடனே வீட்டுல ஒரு தைரியம். அந்த நேரம் பாத்து மந்திரிக்கிறவர் ஒருத்தர், மாத்திரையும் தாயத்தும் ஒரே ஒடம்புல சேராது ஏதாச்சும் ஒண்ண விடுங்கன்னுட்டாரு. மாத்திரைய விட்டாக. பன்னெண்டாம் நாளு தோசை சுட்டுக்கிட்டு இருந்தவ கல்லு மேலயே சாஞ்சா. வலது புறங்கை வெந்து தோலு இழுத்துக்கிச்சு, இன்னைக்கும் ரெண்டு விரல் மடங்காது.

1973ல வந்த எக்ஸார்சிஸ்ட்லேருந்து நேத்து வந்த படம் வரைக்கும் கதை ஒரே தடம்தான். மொதல்ல டாக்டர் வரணும், டெஸ்ட் எடுக்கணும், ஒண்ணும் புரியலைன்னு கைய விரிக்கணும், அப்பறம்தான் சிலுவையோ வேப்பிலையோ உள்ள வரும். டாக்டர் தோக்கலைன்னா அங்க படமே கிடையாது. இத அம்பது வருசமா பாக்குற சனத்துக்கு மனசுல என்ன பதியும்னு சொல்லுங்க.

பாம்பன் தூண்டில்

அண்ணே தங்கச்சி கதைய படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. ஆனாலும் பழிய தூக்கி படத்து மேல போடாதீங்க. அந்த மந்திரவாதி எமிலி ரோஸ் பாத்துட்டா சொன்னாரு? சினிமாங்கிற ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ல கோடாங்கி உடுக்கடிச்சு குறி சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு.

எக்ஸார்சிஸ்ட்ட நீங்க சரியா பாக்கலைன்னுதான் நான் சொல்லுவேன். அதுல பயங்கரமான சீன் எது தெரியுமா, பேய் சீன் இல்ல, அந்தப் புள்ள கழுத்துல ஊசி ஏத்தி ரத்தக்குழாய எக்ஸ்ரே எடுக்குறாங்களே அது. ரத்தம் பீய்ச்சி அடிக்கும், மிஷின் டமால் டமால்னு சத்தம் போடும், புள்ள அசையாம கிடக்கும். கராஸ் பாதிரியாரே மனநல டாக்டர், பேய நம்பாதவரு, பெத்த அம்மா தனியா கிடந்து செத்துட்டாங்களேன்னு உள்ளுக்குள்ள அழுகிப் போயிருப்பாரு. அந்தப் படம் எனக்கு அந்த மனுசனோட கதை, பேய் கதை இல்ல. டைரக்டர் ஃபிரீட்கின் ரூம் செட்டையே ஐஸ் பெட்டி கணக்கா குளிர வச்சு, நடிக்கிறவங்க வாயிலேருந்து பொக வர்றத நெசமாவே எடுத்தாரு. பேயோட குரலுக்கு மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ்னு ஒரு நடிகை பச்சை முட்டைய முழுங்கி சிகரெட்டா ஊதி தொண்டைய கெடுத்துக்கிட்டு பேசுனாங்க. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் போட்டிக்கு போன மொத பேய்ப்படமும் அதுதான். இம்புட்டு உழைப்ப மூடநம்பிக்கைன்னு ஒத்த வார்த்தையில தள்ளிட்டு போறது நியாயமே இல்ல.

எங்க வீட்டுல ஓரியூர் போயி அருளானந்தர் கோயில் செம்மண்ண எடுத்தாந்து நெத்தியில பூசுவோம். அப்பாவுக்கு சுகர் மாத்திரையும் குடுப்போம். ரெண்டும் தெரிஞ்ச சனம்தாண்ணே நாம.

உப்புக்காத்து

தம்பி, உழைப்ப நான் கொறை சொல்லவே இல்ல. எமிலி ரோஸ் எந்த நெசப்பொண்ணோட கதைலேருந்து வந்துச்சுன்னு பாருங்க. ஜெர்மனியில அனலீஸ் மிக்கேல். 1968ல மொத வலிப்பு, அப்ப ஸ்கூல் படிக்கிற புள்ள. மாத்திரை சாப்பிட்டும் முழுசா சரியாகல, சிலுவைய பாத்தா ஆகல, காதுல குரல் கேக்குதுங்குது. 1975 செப்டம்பர்ல பிஷப் அனுமதி குடுத்து பேயோட்ட ஆரம்பிச்சாங்க. பத்து மாசத்துல 67 தடவ. கடைசியில சோறு தண்ணிய விட்டு 1976 ஜூலை 1ம் தேதி செத்தப்ப அவளுக்கு வயசு 23, எடை முப்பது கிலோ சொச்சம். பட்டினியும் நீர் வத்துனதும்தான் காரணம். 1978ல பெத்தவங்க ரெண்டு பேரு, பாதிரியாருங்க ரெண்டு பேரு, நாலு பேருக்கும் தண்டனை ஆச்சு. ஆறு மாசம், அதையும் நிறுத்தி வச்சுட்டாங்க.

இத எடுத்து அமெரிக்காவுக்கு கொண்டு போயி, கடைசியில பாக்குறவன் மனசுல பாதிரியார் பக்கம் ஒரு எரக்கம் வர்ற மாதிரி முடிக்கிறாங்க. சோறு தண்ணி எறங்காத பொண்ணுக்கு குளுக்கோஸ் ஏத்தியிருந்தா பொழச்சிருப்பா தம்பி. அதச் சொன்னா கதை அந்த எடத்துலயே முடிஞ்சுரும்.

ஏர்வாடிக்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தப் பேச்ச தள்ளி நின்னு வேடிக்கை பாக்க என்னால முடியாது, எங்க ஊரு பேர எடுத்தாலே வெளிய உள்ளவங்க சங்கிலிய பத்தித்தான் கேப்பாங்க.

2001 ஆகஸ்ட் 6. விடியக்காலை. நான் அப்ப சின்னப்புள்ள, வாப்பா எழுப்பி வீட்டுக்குள்ளயே இருக்கச் சொன்னாக. மனசு சரியில்லாதவங்கள வச்சிருந்த கீத்துக் கொட்டகை தீப்பிடிச்சிருச்சு, உள்ள இருந்தவங்க காலுல சங்கிலி, 28 பேரு செத்துப்போனாங்க. ஓட முடிஞ்சவங்க ஓடுனாங்க, கட்டிக் கிடந்தவங்க எங்கிட்டு ஓடுவாங்க. ஒண்ணு தெளிவா சொல்லிக்கிறேன், அது தர்கா நடத்துனது இல்ல, சுத்துவட்டாரத்துல தனியாளுங்க காசு வாங்கிட்டு நடத்துன விடுதி. அந்த மாசமே அந்த மாதிரி விடுதி எல்லாத்தையும் அரசாங்கம் மூடுச்சு, சுப்ரீம் கோர்ட்டு தானா வழக்கு எடுத்துச்சு. 2017 மனநலச் சட்டத்துல எந்த ரூபத்துலயும் சங்கிலி போடக்கூடாதுன்னே எழுதிட்டாங்க.

இதுக்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு பாம்பன்காரர் சொல்றாரு. சங்கிலிய படம் கொண்டாரல, ஒத்துக்கிறேன். ஆனா எந்த பேய்ப்படத்த வேணா எடுத்துக்கங்க, பிடிச்ச ஆள கட்டில்ல கட்டிப் போடுற சீன் இல்லாம இருக்கா? பாக்குறவனுக்கு அந்த நேரம் மனசு நிம்மதியாகுது, அப்பாடா கட்டிட்டாங்கன்னு. எனக்கு அந்த சீன் வந்தா அந்தக் கரிவாடைதான் மூக்குல வருது, வேற ஒண்ணும் சொல்லத் தெரியல.

அதே நேரம் தர்காவ தேடி வர்றவங்கள முட்டாளுன்னு யாரும் பேசிறாதீங்க. மவன கூட்டிக்கிட்டு எங்கெங்கயோ அலைஞ்சு, கையில இருந்தத எல்லாம் தொலைச்சு, சொந்தக்காரங்க மொகம் சுளிச்சு, கடைசியில ஒரு எடத்துல பாய விரிச்சு படுக்க விடுறாங்க, யாரும் ஏன் வந்தேன்னு கேக்க மாட்டாங்க. அது லேசுப்பட்டது இல்ல. இப்ப தவா துவான்னு, அதாவது மருந்தும் பிரார்த்தனையும்னு, துவாவும் நடக்குது, பக்கத்துலயே டாக்டரும் பாக்குறாரு. துவா கேட்டுட்டு மாத்திரை வாங்கிட்டுப் போறவங்கள நான் கண்ணால பாக்குறேன்.

பனங்காடு (சாயல்குடி பக்கம்)

ஆம்பளைங்க பேசிக்கிட்டே போறீக, ஒண்ணு கேக்குறேன். பிடிக்கிறது ஏன் முக்காவாசி பொம்பளப்புள்ளைக்கே பிடிக்குது, படத்துலயும் சரி தெருவுலயும் சரி?

எங்க மதினிக்கு கல்யாணமாகி மூணாவது வருசம் 'காத்து கருப்பு' அடிச்சிருச்சுன்னாக. நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன். கூந்தல விரிச்சுப் போட்டு எங்க அண்ணன பேரு சொல்லி கூப்புட்டு, டேய் குடிச்சுட்டு வந்து எம்மவள தொட்டேன்னா குடல உருவிருவேன்னு, செத்துப்போன அவுக ஆத்தா கொரல்ல பேசுச்சு. அதுவரைக்கும் எங்க அண்ணன்ட்ட நிமுந்து ஒரு வார்த்தை பேசாத மதினி. அன்னைக்குத்தான் எங்க அண்ணன் மொத தடவ பயந்துச்சு. கோடாங்கி வந்து, ஆத்தா என்ன கேக்குறேன்னு மரியாதையா கேட்டாரு, குடிய விடச் சொல்லுச்சு, அண்ணன் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுச்சு. அந்த ஏற்பாட்ட மூடநம்பிக்கைன்னு தூக்கி எறிய எனக்கு மனசு வரல. ஆனா மதினிக்கு வலிப்பு இல்ல. அந்த வித்தியாசம் பெருசு. உப்புக்காத்து அண்ணே தங்கச்சிக்கு தேவைப்பட்டது மாத்திரை, எங்க மதினிக்கு தேவைப்பட்டது அவுக சொல்றத கேக்க நாலு பேரு. ரெண்டையும் ஒரே கூடையில போட்டு பேய்ங்குறதுதான் தப்பு, படம் அதத்தான் செய்யுது.

பாம்பன் தூண்டில்

அக்கா சொன்னதுக்கே வர்றேன். 1993ல ஃபாசில் மலையாளத்துல எடுத்த மணிச்சித்திரத்தாழ், அதே கதை நம்ம தமிழ்ல 2005ல சந்திரமுகி. அதுல டாக்டர் தோக்கவே இல்லையே! மந்திரவாதி கோபப்படாம டாக்டரோட சேந்து நிக்கிறாரு, பூசைய போட்டே மனச சரி பண்றாங்க, பலகை திரும்பி ஆளுக்கு பதிலா பொம்மை வந்து வெட்டு வாங்குது. ஏர்வாடிக்காரர் சொன்ன தவா துவா அதுல அப்படியே இருக்கு. மணிச்சித்திரத்தாழ்ல நடிச்ச ஷோபனாவுக்கு தேசிய விருது குடுத்தாங்க. பேயோட்டுற படமெல்லாம் ஒரே தடம்னு எழுதிட்டீங்கண்ணே, அத மட்டும் வாபஸ் வாங்குங்க.

உப்புக்காத்து

அத வாங்கிக்கிறேன் தம்பி. மணிச்சித்திரத்தாழ் எனக்கும் பிடிச்ச படம், அந்தக் குடும்பம் அவள கட்டிப் போடாம, வையாம சுத்தி நிக்குது பாருங்க, அது பெரிய விசயம். ஆனா ஒரே ராத்திரியில பொம்மைய வெட்டி முழுசா தெளிஞ்சு எந்திரிக்கிறதும் சனத்த ஏமாத்துறதுதான். இன்னைக்கு மாத்திரை ஆரம்பிச்சு நாளைக்கே சரியாகலைன்னா விட்டுர்றாங்கல்ல, அந்த அவசரம் இங்கேருந்தும் வருது. எங்க தங்கச்சி ஆறு வருசமா ராத்திரி சாப்பாட்டுக்கப்பறம் மாத்திரை போடுறா, ஒரு நாளும் தவறினது இல்ல. அத வச்சு யாரும் படம் எடுக்க மாட்டாங்க.

பாம்பன் தூண்டில்

தங்கச்சி பேய்ப்படம் பாக்குமாண்ணே? தப்பா நெனைக்காதீங்க, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

உப்புக்காத்து

பாப்பா. பாட்டு, காமெடி எல்லாம் ரசிச்சுப் பாப்பா. கட்டில்ல ஒடம்பு வில்லா வளைஞ்சு, கண்ணு மேல சொருகி, வாயில நுரை தள்ளுற சீன் வந்தா மட்டும் பேச்சு நின்னுரும். வலிப்பு வர்றப்ப அவளுக்கு நெனவு இருக்காதுல்ல, தான் எப்படி இருப்போம்னு அவ பாத்ததே இல்ல. ஒரு நாளு அந்த மாதிரி சீன் ஓடுறப்ப டிவியவே பாத்துக்கிட்டு இருந்துட்டு, மெதுவா என் பக்கம் திரும்பி, "அண்ணே, நானும் இப்படித்தான் இருப்பேனா?"ன்னா.

நான் டிவிய அமத்திட்டேன். இந்தப் படங்கள அன்னையோட விட்டவன்தான், பசங்க கூப்புட்டாங்கன்னு போன வாரம்தான் மறுபடி உக்காந்தேன்.