யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் உப்பு வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது, என்ன செய்யலாம்?

கயல் அம்மா: மகளுக்கு யூஎஸ்பியில் செருகும் விளையாட்டு மைக்ரோஸ்கோப் வாங்கினோம், பெட்டியில் 1000எக்ஸ் (ஆயிரம் மடங்கு பெரிதாக்கும்) என்று போட்டிருக்கிறது. லேப்டாப்பில் கேமரா ஆப்பைத் திறந்தால் எங்கள் முகம்தான் வருகிறது. தம்பியின் டெஸ்க்டாப்பில் படம் வருகிறது, ஆனால் உப்பை வைத்தால் வெள்ளைத் திட்டு, நாணயத்தை வைத்தால் கண் கூசும் வெளிச்சம். சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் பெரிதாகவே மாட்டேன் என்கிறது. பாவம், ரொம்ப ஆசையாக இருக்கிறாள்.

லென்ஸ் பிரியன்: அக்கா, லேப்டாப் தன் சொந்த கேமராவைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆப்பிலேயே கேமராவை மாற்றும் பொத்தான் இருக்கும், அழுத்துங்கள். இந்த வகைக் கருவி பெரும்பாலும் வெப்கேமாகவே பதிவாகும், தனி டிரைவர் மென்பொருள் வேண்டாம். அப்புறம் அந்தச் சக்கரம் ஃபோகஸுக்கு. பெரிதாக வேண்டுமென்றால் கருவியைப் பொருளுக்குக் கிட்டத்தட்ட ஒட்டக் கொண்டுபோய், பிறகு மெதுவாகத் திருகுங்கள். உப்புக்குக் கறுப்புத் தாள் விரித்து நாலைந்து மணி மட்டும் தூவி, வயரில் இருக்கும் திருகால் எல்ஈடியை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளோடு தாளாகப் பக்கவாட்டில் அடியுங்கள்.

பழைய லேப்காரர்: 1000எக்ஸை நம்பாதீர்கள். பிளாஸ்டிக் ஸ்கேலை லென்ஸுக்குக் கீழே வைத்து, 1 மி.மீ. திரையில் எத்தனை மி.மீ. வருகிறது என்று அளந்து பாருங்கள். 150 வந்தால் அதுதான் உங்கள் 150எக்ஸ். பெரிய மானிட்டரில் எண் கூடும், நுணுக்கம் கூடாது.

கயல் அம்மா: வந்துவிட்டது! உப்பு ஒவ்வொன்றும் குட்டிப் பெட்டி, சிலதில் மூலை உடைந்திருக்கிறது, பக்கத்தில் வைத்த சர்க்கரையோ சாய்வான முகங்களோடு வேறு மாதிரி. செய்தித்தாள் படத்தில் முகமெல்லாம் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள். இப்போது குளத்துத் தண்ணீர் பார்க்க வேண்டும் என்கிறாள், முடியுமா?

லென்ஸ் பிரியன்: முடியும், ஆனால் பாக்டீரியா தெரியாது. தெளிவான பிளாஸ்டிக் மூடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கீழே வெள்ளைத் திரை போட்ட போனை வைத்து, நடுவில் டிஷ்யூ தாளைச் செருகுங்கள், ஒளி கீழிருந்து வர வேண்டும். கொசுப்புழு கிடைத்தால் விடாதீர்கள், உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் குடல் அசைவதே தெரியும், வாலோரத்தில் மூச்சுக்குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்து முடித்ததும் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றிவிடுங்கள் அக்கா, வைத்திருந்தால் கொசுவாகிவிடும்.