புயல் சேதம்: படகு இன்சூரன்ஸில் 10% டிடக்டிபிள் என்றால் எதில் 10%? (பிளோரிடா)

புதுவரவு_கேப்கோரல்:
வணக்கம். போன வாரப் புயலில் வீட்டுக் கால்வாயில் நின்ற எங்கள் படகு அடிபட்டுவிட்டது. செலவு 4,200 டாலர். பாலிசியில் டிடக்டிபிள் (நம் கையிலிருந்து போகும் பங்கு) 10% என்று இருக்கிறது. 420 போக 3,780 வரும் என்று நம்பியிருந்தோம். 1,200தான் தருவோம் என்று கடிதம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வளைகுடாவாசி:
வந்த முதல் வருஷமே படகு எதற்குத் தம்பி? முதலில் வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு இருக்கிறதா பாருங்கள். வீட்டு பாலிசி வெள்ளத்துக்குத் தராது. தனியாக எடுத்தாலும் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும்.

தென்கரை:
அவர் கேட்டது படகைப் பற்றி. தம்பி, படகு எவ்வளவு மதிப்புக்கு இன்சூர் ஆகியிருக்கிறது என்று சொல்லவில்லையே! அந்த 10% சேதத்தில் எடுப்பதில்லை, இன்சூர் செய்த மொத்த மதிப்பில் எடுப்பது. 30,000 டாலர் படகு என்றால் 3,000 உங்கள் தலையில். 4,200இல் அதைக் கழித்தால் 1,200. கணக்கு அங்கிருந்துதான் வந்திருக்கும்.

புதுவரவு_கேப்கோரல்:
ஆமாம் அண்ணா, 30,000தான்.

நெய்தல்:
பிளோரிடாவில் ஹரிகேன் டிடக்டிபிள் வருஷத்துக்கு ஒரு தடவைதான். இந்த வருஷம் ஏற்கெனவே கட்டியிருந்தால் மறுபடி கட்ட வேண்டாம்.

தென்கரை:
அந்தச் சட்டம் வீடுகளுக்கு. படகு பாலிசியில் பொதுவாக ஒவ்வொரு புயலுக்கும் தனித்தனி. அதை நம்பி வாதாடப் போகாதீர்கள்.

நெய்தல்:
சரி, ஆனால் அன்று காற்று 50 மைல்தானே? 74 மைல் தொட்டால்தான் ஹரிகேன். அப்படியானால் இந்த டிடக்டிபிளே பொருந்தாது.

தென்கரை:
பாலிசியில் எந்த வார்த்தை என்பதைப் பொறுத்தது. 'ஹரிகேன்' என்று மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி, சாதாரண டிடக்டிபிள்தான். 'நேம்டு ஸ்டார்ம்' (பெயரிடப்பட்ட புயல்) என்று இருந்தால் 39 மைலிலேயே தேசிய ஹரிகேன் மையம் பெயர் வைத்துவிடும், 10% விழும். தம்பி, முதல் பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

புதுவரவு_கேப்கோரல்:
'நேம்டு ஸ்டார்ம்' என்றுதான் இருக்கிறது. சாதாரண டிடக்டிபிள் 500 என்று தனியாக ஒரு வரி.

வளைகுடாவாசி:
இதுதான் வயிற்றெரிச்சல். பிரீமியம் ஏறிக்கொண்டே போகிறது, புயல் வந்தால் டிடக்டிபிளே ஆளை முழுங்குகிறது. விற்கும்போது 500ஐத்தான் வாய்விட்டுச் சொல்கிறார்கள்.

நெய்தல்:
சர்ப்ளஸ் லைன்ஸ் கம்பெனி (மாநிலத்தின் வழக்கமான உரிமம் இல்லாமல் விற்பது) என்றால் இன்னும் மோசம். அது திவாலானால் மாநில உத்தரவாத நிதியும் கைகொடுக்காது.

கயிறும்_நங்கூரமும்:
புலம்பல் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. அந்த 4,200 முழுக்க ரிப்பேரா? படகு லிப்டில் (தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கும் தாங்கி) இருந்ததா, தண்ணீரிலா?

புதுவரவு_கேப்கோரல்:
லிப்டில் இருந்தது அக்கா. தண்ணீர் ஏறி மிதந்துபோய் பக்கத்து வீட்டு டாக்கில் (படகுத்துறை) ஏறிவிட்டது. கிரேன் வைத்து இறக்க 1,800, ரிப்பேர் 2,400.

கயிறும்_நங்கூரமும்:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கிரேன் செலவு 'சால்வேஜ்', அதாவது மீட்புச் செலவு. பல பாலிசிகளில் அது தனித் தலைப்பு, டிடக்டிபிள் கிடையாது. உங்களுடையதும் அப்படியென்றால் ரிப்பேர் 2,400 அந்த 3,000 டிடக்டிபிளுக்குள் அடங்கிவிடும், அதற்கு ஒன்றும் வராது, கிரேன் 1,800 முழுதாக வரவேண்டும். 1,200 இல்லை. சில பாலிசிகள் சால்வேஜையும் படகு மதிப்புக்குள்ளேயே சேர்த்துவிடும், அதனால் அந்தப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

கடிதத்தில் 'முழு, இறுதித் தீர்வு' என்று இருந்தால் இப்போது கையெழுத்து வேண்டாம். கணக்கை எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தச் செலவு எந்தத் தலைப்பில், எதில் எவ்வளவு கழித்தார்கள், தேய்மானம் போட்டார்களா. அக்ரீட் வேல்யூ (முன்பே ஒத்துக்கொண்ட மதிப்பைத் தரும்) பாலிசியிலும் கேன்வாஸ், இன்ஜின் மாதிரிச் சாமான்களுக்குத் தேய்மானம் பிடிப்பதுண்டு. கிரேன் பில்லும் ரிப்பேர் பில்லும் ஒரே தாளில் இருந்தால் பிரித்து வாங்குங்கள்.

இன்ஜினுக்குள் உப்புத்தண்ணீர் போயிருந்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்லும், விட்டால் அதையே காரணம் காட்டுவார்கள். கழற்றிய பாகங்களை எறியாதீர்கள், ரசீதையும் வையுங்கள். பிறகு தெரியவரும் இன்ஜின் சேதமும் ரிப்பேர் கணக்கில் சேரும். ரிப்பேர் 3,000ஐத் தாண்டினால், தாண்டும் தொகை உங்களுக்கு. ஒத்துவராவிட்டால் மாநில நிதிச் சேவைத் துறையில் புகார் கொடுக்கலாம்.

புதுவரவு_கேப்கோரல்:
சால்வேஜ் தனியாகத்தான் இருக்கிறது அக்கா! டிடக்டிபிள் இல்லை என்றும் போட்டிருக்கிறது. இன்றே எழுதுகிறேன். சீசன் முடிய இன்னும் நாள் இருக்கிறதே, அடுத்த புயலுக்கு?

கயிறும்_நங்கூரமும்:
நவம்பர் 30 வரை சீசன். 'ஹால் அவுட்' வரி இருக்கிறதா பாருங்கள். எச்சரிக்கை வந்ததும் படகைக் கரையேற்றும் செலவில் பாதியை, ஒரு வரம்பு வரை, பல கம்பெனிகள் தருகின்றன. ஆனால் ஹரிகேன் வாட்ச் (முன்னறிவிப்பு) வருவதே புயல் காற்றுக்குச் சுமார் 48 மணி நேரம் முன்னால்தான், அப்போது படகு நிறுத்தும் எந்த யார்டிலும் இடம் இருக்காது. இப்போதே பதிவு செய்யுங்கள். பாலிசியை மாற்ற நினைத்தாலும் இப்போதே. புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்துவிட்டால் புதிதாக எழுத மாட்டார்கள்.